சால்மன் ஓடைக்கரையில் செடி நடப் போகிறீர்களா? முதலில் ஆகஸ்டை யோசியுங்கள்

வாஷிங்டன் மாநிலத்தில் ரெட்மண்ட், பாத்தெல், சமாமிஷ் பக்கம் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் நிறையப் பேர் சால்மன் மீன் வரும் ஓடைகளின் கரையில் செடி நடும் தன்னார்வ வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேவை நேரக் கணக்கு காட்ட வேண்டும், சில ஆபீஸ்களில் ஊழியர் தொண்டு செய்யும் நேரத்துக்கு ஈடாக அந்த அமைப்புக்கே பணம் கொடுக்கிறார்கள், சனிக்கிழமை காலையில் வீட்டுக்குள் அடைந்து கிடக்காமல் நாலு பேரைப் பார்த்தது போலவும் ஆயிற்று. எல்லாம் நல்லதுதான். ஆனால் அப்படிப் போகிறவர்களில் சிலருக்கு, "நம்ம காலனிக்குப் பின்னாலேயே ஒரு ஓடை போகுதே, அங்கே நாமே செய்தால் என்ன?" என்று ஒரு நாள் தோன்றும். எனக்கும் தோன்றியது. 2021-ல் இறங்கினேன். கையிலிருந்து 1,840 டாலர் போட்டேன், 400 திரும்பி வந்தது. அந்தக் கோடை முழுக்கக் கார் டிக்கியில் தண்ணீர் கேன் சுமந்தேன், அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டோடு பேச்சு நின்றது, நட்டதில் பாதிக்கு மேல் செத்தது. இப்படியெல்லாம் ஆகும் என்று முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

அப்போது நான் ஹெச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் விசாவில் இருந்தேன், வேலை அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த நேரம். பல பேர் பயப்படுவது போலத் தன்னார்வ வேலைக்கு அந்த விசா தடை இல்லை. சம்பளம் வாங்கக் கூடாது, வழக்கமாகச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் பதவியில் இலவசமாக உட்காரவும் கூடாது. ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. சில அமைப்புகள் குழுத் தலைவர்களுக்கு "ஸ்டைபெண்ட்" என்று ஒரு சிறு தொகை கொடுப்பார்கள். அன்பாகத்தான் கொடுப்பார்கள், வாங்கினால் சிக்கல் நமக்கு. கிஃப்ட் கார்டாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் வக்கீலிடம் ஒரு வரி கேட்டுவிடுவது நல்லது.

சால்மன் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும்போது இதுதான் உதவியது. மேற்கு சியாட்டிலில் லாங்ஃபெலோ ஓடை என்று ஒன்று இருக்கிறது. இலையுதிர் காலத்தில் முதல் பெரிய மழை பெய்ததும் கோஹோ சால்மன் கடலிலிருந்து அங்கே ஏறி வரும். கணக்கெடுக்கும் குழுவினர் ஒரு பெண் மீனைக் கரையில் எடுத்து வைத்திருந்தார்கள். முதலில் அவர்கள் பார்த்தது வாலை. கூழாங்கல்லைத் தோண்டி முட்டைக்குழி பறித்த மீனாக இருந்தால் வால் நுனி தேய்ந்து, வெளுத்து, கிழிந்து போயிருக்கும். இந்த மீனின் வால் புதுசாக இருந்தது. வயிற்றைக் கீறியதும் முட்டை அப்படியே கொட்டியது, ஆரஞ்சுச் சாயம் ஏற்றிய ஊறிய ஜவ்வரிசி போல. ஒன்றுகூட இடவில்லை. கடலில் சீல், வலை எல்லாவற்றுக்கும் தப்பி, மூன்று வயதில் ஊர் திரும்பி, முட்டையிடும் இடத்துக்குச் சில அடி தூரத்தில் செத்திருக்கிறது.

இப்படிச் சாவதை அந்த ஓடையில் இருபது வருடமாகப் பார்த்திருக்கிறார்கள், காரணம்தான் பிடிபடாமல் இருந்தது. 2020 டிசம்பரில் விடை வந்தது. கார் டயர் ரப்பர் விரிசல் விடாமல் இருக்க 6பிபிடி என்ற ஒரு ரசாயனம் சேர்க்கிறார்கள். அது காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குவினோன் ஆக மாறுகிறது. டயர் தேய்ந்து ரோட்டில் விழும் தூள் மழையில் அடித்துக்கொண்டு ஓடைக்குப் போகிறது, கோஹோ சில மணி நேரத்தில் செத்துவிடுகிறது. மீன் தண்ணீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடியபடி சுற்றும். நான் ஓட்டும் காரின் டயர்தான் என்று தெரிந்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கொஞ்சம் ஆறுதலான செய்தியும் உண்டு. அதே ரோட்டுத் தண்ணீரை மணல், மட்கு கலந்த மண் வழியாக வடியவிட்டால் கோஹோ பிழைத்துக்கொள்கிறது. செடியும் மண்ணும் இருந்தால் போதும் என்ற அந்த எண்ணம்தான் என்னைக் களத்தில் இறக்கியது.

எங்கள் காலனிக்குப் பின்னால் போகும் சின்ன ஓடை பியர் கிரீக்கில் சேர்கிறது. அது சமாமிஷ் ஆற்றுக்குப் போய், கென்மோர் பக்கம் வாஷிங்டன் ஏரியில் கலந்து, பாலர்ட் லாக்ஸ் என்ற படகு மதகு வழியாகப் புஜெட் சவுண்ட் கடலுக்குப் போகிறது. பியர் கிரீக்கில் சினூக், கோஹோ, சாக்கை என்று மூன்று வகைச் சால்மனும் வரும். புஜெட் சவுண்ட் சினூக் 1999 முதல் அழியும் அபாயத்தில் இருக்கும் உயிரினமாகச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. எங்கள் ஓடைக்கரை என்னவோ முழுக்க ஹிமாலயன் பிளாக்பெர்ரி முள்புதர். நிழல் என்று ஒரு மரம் கிடையாது. நிலம் ஹெச்.ஓ.ஏ. என்கிற வீட்டுக்காரர் சங்கத்துக்குச் சொந்தம். சங்கக் கூட்டத்தில் கேட்டேன். தலைவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். ஒரு உள்ளூர் அமைப்பின் மானியத்துக்குச் சங்கத்தின் பெயரில் எழுதிப் போட்டோம். "கிடைத்துவிடும், நீங்கள் ஆரம்பியுங்கள், பில்லைக் கொடுத்தால் தந்துவிடலாம்" என்று சொன்னார். சொன்னதுதான், எழுத்தில் ஒன்றும் இல்லை.

பணம் போன கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். இந்த மாதிரி மானியங்கள் பெரும்பாலும் நாம் செலவு செய்த பிறகு பில் காட்டி வாங்கிக்கொள்வது. அதிலும் ஒப்பந்தம் கையெழுத்தான தேதிக்கு முந்தைய செலவு கணக்கில் வராது. ஆனால் வேரோடு பிடுங்கி மண் உதறி விற்கும் நாட்டுச் செடிகள் குளிர்காலத்தில் மட்டும்தான் கிடைக்கும். கிங் கன்சர்வேஷன் டிஸ்டிரிக்ட் என்ற உள்ளூர் இயற்கை வளப் பாதுகாப்பு அமைப்பு வருடத்துக்கு ஒரு முறை போடும் விற்பனைக்கு முன்கூட்டியே ஆர்டர் கொடுக்க வேண்டும். மானியக் கையெழுத்துக்குக் காத்திருந்தால் அந்த வருட நடவு போச்சு, காத்திராமல் வாங்கினால் பணம் போச்சு. நான் வாங்கினேன். செடி 1,100 டாலர், காப்புக் குழாய், குச்சி, அடையாளக் கொடி எல்லாம் 300, கையுறையும் கருவிகளும் 250, செடியைச் சுற்றி மண்ணை மூடும் மூடாக்குக்கு மரச்சில்லு லாரி 190. கையெழுத்து ஏப்ரலில்தான் ஆனது. என் பில் எல்லாம் பிப்ரவரி தேதி. சங்கம் பெரிய மனது பண்ணி 400 கொடுத்தது. வருமான வரியிலாவது கழிக்கலாம் என்று பார்த்தால், வீட்டுக்காரர் சங்கம் தர்ம ஸ்தாபனம் இல்லை, அதனால் அதுவும் கிடையாது. பதிவு பெற்ற தொண்டு அமைப்புக்காக நாம் கைக்காசைச் செலவழித்தால், ஐட்டமைஸ் செய்து, அதாவது கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டு வரி கட்டுபவர்கள் அதைக் கழித்துக்கொள்ளலாம், கார் ஓட்டியதற்கு மைலுக்கு 14 சென்ட் உண்டு. நம் உழைப்பு நேரத்துக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது. மரச்சில்லுக்கு 190 டாலர் கொடுத்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. மரம் வெட்டும் கம்பெனிக்காரர்கள் கொட்ட இடம் இல்லாமல் அலைகிறார்கள், கேட்டால் லாரியோடு சும்மாவே கொட்டிவிட்டுப் போவார்கள்.

முள்புதரை வெட்டுவது தனிக் கொடுமை. பிளாக்பெர்ரித் தண்டு வில் மாதிரி வளைந்து நிற்கும், அடியில் வெட்டியதும் விடுபட்டு விளாசும். அப்படி ஒன்று என் இடது கண்ணில் கீறிவிட்டுப் போனது. மருத்துவச் செலவு 380 டாலர் தனி. தோல் கையுறை, கண்ணை மூடும் கண்ணாடி இரண்டும் இல்லாமல் யாரையும் புதருக்குப் பக்கத்தில் விடாதீர்கள். அடிபட்டால் செலவு யாருடையது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நகராட்சியோ பெரிய அமைப்போ நடத்தும் வேலையில் தன்னார்வலர்களுக்கு மருத்துவக் காப்பு இருக்க வாய்ப்பு உண்டு, நாமாகச் செய்தால் யாரும் இல்லை. நாட்வீட் என்று மூங்கில் போலக் கணுக்கணுவாக வளரும் ஒரு களை கண்ணில் பட்டால் அதைத் தொடவே தொடாதீர்கள். ஒரு துண்டு தண்ணீரில் போனாலும் கீழே எங்கோ புதுப் புதராக முளைக்கும். கவுண்டியின் (மாவட்ட நிர்வாகத்தின்) களைத் துறைக்குச் சொல்லிவிட்டால் அவர்கள் வழி சொல்வார்கள். தண்ணீரோரம் களைக்கொல்லி அடிக்க அதற்கென்று உரிமம் பெற்றவர்களால்தான் முடியும்.

அனுமதி விஷயம் எல்லாவற்றையும்விட முக்கியம். ஓடையின் இருபக்கமும் ஒரு அகலத்துக்கு நகராட்சி பாதுகாப்பு எல்லை வைத்திருக்கும், அங்கே புதரை அழிக்கும் முன் கேட்க வேண்டும். தண்ணீருக்குள் ஒரு கட்டையை நகர்த்துவதாக இருந்தாலும் மாநில மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும், அதுவும் கோடையில் சில வாரங்கள்தான் தருவார்கள். குழி தோண்டுவதற்கு இரண்டு முழு வேலை நாள் முன்னால் 811 என்ற எண்ணுக்குப் போன் செய்து சொன்னால் கேஸ், கரண்ட் லைன் எங்கே போகிறது என்று இலவசமாகக் குறித்துவிட்டுப் போவார்கள். இதெல்லாம் எனக்குப் புதுச் செய்தியாகவே வந்துகொண்டிருந்தது, ஒன்றன் பின் ஒன்றாக. ஒவ்வொன்றும் தெரிய வரும்போது அடிவயிற்றில் ஒரு பயம், விசா வேறு. நகராட்சி ஆபீஸில் போன் எடுத்த ஒரு அம்மா ரொம்பப் பொறுமையாக எல்லாம் விளக்கினார். அவர் மட்டும் கொஞ்சம் கடுமையாகப் பேசியிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பேன்.

நடவு நாள் பிரமாதமாகப் போனது. கொரோனாக் கட்டுப்பாட்டால் கூட்டமாகச் சேர முடியாது, அதனால் ஒவ்வொரு குடும்பமாக வேறு வேறு நேரம் கொடுத்திருந்தோம். மாதக்கணக்காக வீட்டில் அடைபட்டிருந்த பிள்ளைகள் சேற்றில் புரண்டார்கள். வில்லோ, சிவப்புத் தண்டு டாக்வுட் இரண்டும் நம் ஊர்ப் பூவரசம் போத்து மாதிரிதான், கட்டைவிரல் கனத்துக்கு வெட்டிச் செருகினால் போதும், மொட்டு மேலே பார்த்திருக்க வேண்டும். பிள்ளைகள் தலைகீழாகச் செருகுவார்கள், பெரியவர்களும்தான். வெட்டும்போதே அடி நுனியைச் சாய்வாகவும் மேல் நுனியைத் தட்டையாகவும் வெட்டிக் கொடுத்துவிட்டால் குழப்பம் வராது. மண் உதறிய செடிகளின் வேர் ஐந்து நிமிடம்கூடக் காற்றில் காயக் கூடாது. ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, குழி தயாரான பிறகே எடுங்கள்.

அன்றைக்கு வந்தவர்கள் கேட்ட கேள்விகள்தான் எனக்குப் பெரிய பாடம். விஷயம் தெரிந்தவர்கள் ஆக்ஸிஜன், வெப்பநிலை என்று ஆரம்பித்தால் சனங்கள் போனை எடுத்துவிடுவார்கள். எங்கள் மாமனார், தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயம் பார்த்தவர், கொரோனாவால் திரும்ப முடியாமல் எங்களோடு இருந்தார். அவர் கேட்டார்: "ஏம்மா, கரையில மரம் வெச்சா தண்ணியில மீன் எப்படி வரும்?" நான் ஓடைக்குள் கையை விட்டுப் பாருங்கள் மாமா என்றேன். கை விறைத்துப் போகும் குளிர். இந்தக் குளிர் ஆகஸ்டிலும் இருக்க வேண்டும், அதற்கு நிழல் வேண்டும். கோஹோக் குஞ்சு பிறந்து ஒரு வருடத்துக்கு மேல் இந்த ஓடையிலேயே கிடக்கும், ஒரு கோடையைத் தாண்டியே தீர வேண்டும். இலை விழுந்தால் பூச்சி வரும், பூச்சிதான் குஞ்சுக்குச் சாப்பாடு. வேர் கரையைப் பிடித்தால் வண்டல் வந்து முட்டைக்குழியை மூடாது, மூடினால் முட்டை மூச்சு முட்டிச் சாகும். மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஆனால் மரம் விழுந்து தண்ணீரில் கிடப்பதும் நல்லது என்றதும் ஒத்துக்கொள்ளவே இல்லை. "நாங்க வருஷா வருஷம் தூர் வாரி, விழுந்த மரத்தை இழுத்துப் போடுவோம், நீ என்னடான்னா மரத்தைப் போடணுங்கிற" என்றார். அவரைப் பார்த்துச் சிரிக்க முடியாது. இங்கேயும் சில பத்தாண்டுகளுக்கு முன்வரை மீனுக்கு வழிவிடுகிறோம் என்று அரசுத் துறைகளே ஓடைகளிலிருந்து கட்டைகளை இழுத்துப் போட்டன. பிறகுதான் கட்டை தடுக்கும் இடத்தில் மடு உண்டாகிறது, குஞ்சு ஒதுங்குவது அங்கேதான் என்று புரிந்து, இப்போது ஹெலிகாப்டர் வைத்துக்கூடக் கட்டையைக் கொண்டுவந்து போடுகிறார்கள்.

இன்னொரு கேள்வி நம் ஆட்களிடமிருந்து தவறாமல் வரும்: "இங்கே பழங்குடி மக்கள் வலை போட்டுப் பிடிக்கிறார்களே, அதனால்தானே மீன் குறைந்தது?" இதற்குத் தயாராகப் போங்கள். 1854, 1855-ல் அவர்கள் நிலத்தைக் கொடுத்தபோது வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் தக்கவைத்துக்கொண்டார்கள். அதை மாநில அரசு பல பத்தாண்டுகள் மதிக்கவில்லை. நிஸ்குவாலி இனத்தைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் ஜூனியர் போன்றவர்கள் மீன் பிடித்ததற்காகத் திரும்பத் திரும்பக் கைதானார்கள். 1974-ல் நீதிபதி போல்ட், பிடிக்கக்கூடிய மீனில் பாதி அவர்களுக்கு உரியது என்று தீர்ப்புச் சொன்னார். மீனே வராவிட்டால் பாதி எதில் என்ற கேள்வி அப்புறம் வந்தது. சாலைக்கு அடியில் மாநிலம் போட்ட குழாய்ப் பாலங்கள் மீனை மறிக்கின்றன என்று பழங்குடிகள் வழக்குப் போட்டார்கள். 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் 4-4 என்று பிரிந்ததால் கீழ் நீதிமன்றத் தீர்ப்பு நிலைத்து, மாநிலம் அவற்றை மாற்ற வேண்டியதாயிற்று. இன்றைக்கு ரோடு போடும் இடத்தில் ஓடைக்குப் பெரிய பாலம் கட்டுவதைப் பார்த்தால் அதன் பின்னால் இந்த வழக்கு இருக்க வாய்ப்பு அதிகம். இதைச் சொன்ன பிறகு அந்தக் கேள்வி கேட்டவரே அடுத்த ஆளுக்கு விளக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஏப்ரல் வந்தது. இந்தியாவில் இரண்டாம் அலை. நடவுக்கு வந்த ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவருக்காக ஆக்ஸிஜன் படுக்கை தேடிக்கொண்டிருந்தார்கள், ராத்திரி முழுக்கப் போன். எங்கள் குடும்பத்திலும் ஒரு சாவு. செடிக்குத் தண்ணீர் ஊற்ற வாருங்கள் என்று யாரைக் கூப்பிட முடியும்? நானே பல நாள் அந்தப் பக்கம் போகவில்லை. மே மாதம் ஒரு நாள் போய்ப் பார்த்தால் மேல் பக்கத்து வரிசை காணோம். சங்கம் வைத்திருக்கும் புல்வெட்டும் ஆட்கள் வழக்கம்போல வந்து, இடம் புதராகக் கிடக்கிறதே என்று அடையாளக் கொடியோடு சேர்த்து மொட்டையடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சங்கத்தில் கேட்டால், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று இரண்டு வீட்டார் புகார் கொடுத்திருந்தார்களாம். நாட்டுச் செடி சின்னதாக இருக்கும்போது பார்க்கிறவர்களுக்கு அது பராமரிக்காத இடம்தான். நடவு அன்றைக்கே ஒரு போர்டு வைத்து, ஓரத்தில் ஒரு அடி அகலத்துக்குச் சுத்தமாகப் புல் வெட்டி விட்டால், யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள் என்று தெரியும். புல்வெட்டும் கம்பெனியின் மேற்பார்வையாளரைக் கையோடு கூட்டிப்போய் எல்லையைக் காட்டுங்கள். மெயில் மட்டும் அனுப்பினால் அது வேலை செய்யும் ஆளின் கைக்குப் போவதில்லை.

ஜூன் 26, 27, 28. மூன்று நாளும் சியாட்டிலில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல், கடைசி நாள் 108, அதாவது 42 டிகிரி செல்சியஸ். பல வீடுகளில் ஏசி இல்லாத ஊர். எங்கள் வீட்டிலும் இல்லை, ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அடுத்த நாள் விடியற்காலையில் போனேன். சிடார் நாற்றுகளின் தெற்குப் பக்கம் முழுக்கச் செங்கல் நிறம். தொட்டால் உதிர்ந்தது. ஓடையில் தண்ணீர் இருந்தது, ஒரு வாளி மொண்டு ஊற்றலாம் என்றால் அதுவும் கூடாது. இந்த மாநிலத்தில் ஓடைத் தண்ணீரை எடுக்கத் தனி உரிமை வேண்டும், அதோடு அந்த வெயிலில் மீன்குஞ்சுக்கு இருப்பதே அந்தத் தண்ணீர்தான். வீட்டுக் குழாயில் கேன் கேனாகப் பிடித்துக் காரில் கொண்டுபோனேன். ஜூலையில் சொல்லிக்கொள்ளும்படி மழை இல்லை. இங்கே வருடமெல்லாம் மழை என்று நாம் நினைக்கிறோம், ஆனால் ஜூலையும் ஆகஸ்டும் காய்ந்த மாதங்கள். முதல் இரண்டு கோடையைத் தாண்டாத செடி செடியே இல்லை. ஒரு நாள் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது, புகார் கொடுத்த வீட்டு மனிதர் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்றைக்கு அழுகை வந்தது உண்மை.

பிழைத்தவை எவை என்று பார்த்தால் பாடம் தெளிவு. வில்லோவும் டாக்வுட்டும் தண்ணீரை ஒட்டி ஆழமாகச் செருகியதால் நின்றன. ஸ்னோபெரி இலை உதிர்த்துவிட்டு அடுத்த வருடம் துளிர்த்தது. மூடாக்கு கனமாகப் போட்ட இடத்தில் ஆல்டர் கொஞ்சம் தப்பியது. சிடார் ஏறக்குறைய எல்லாம் போச்சு. வெட்டவெளியில் முதலில் வெயில் தாங்கும் செடியை வைத்து, அவை நிழல் கொடுக்க ஆரம்பித்த பிறகே சிடாரை வைக்க வேண்டும். விலை அதிகமான செடி முதலில் செத்தது என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு நான் தனியாக எதையும் தொடங்கவில்லை. கிரீன் ரெட்மண்ட் பார்ட்னர்ஷிப் மாதிரி நகராட்சியே சேர்ந்து நடத்தும் வேலைகளுக்குப் போகிறேன். மாநிலம் முழுக்க 14 வட்டார மீன்வள மேம்பாட்டுக் குழுக்கள் இருக்கின்றன, 1990-ல் சட்டமன்றமே ஏற்படுத்தியது. உங்கள் பகுதிக் குழுவைக் கேட்டால் அனுமதி, செடி, காப்பீடு எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நமக்கு உடம்பும் நேரமும் போதும். சொந்தக் காலனியிலேயே செய்தாக வேண்டும் என்றால், நிலத்துக்காரர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். எவ்வளவு வருடம் அந்த இடத்தை விடுவார்கள், புல்வெட்டும் எல்லை எது, தண்ணீர்க் குழாய் யாருடையது, பணம் எந்தத் தேதியிலிருந்து செல்லும். இந்த நாலும் அதில் இல்லையென்றால் மண்வெட்டியை எடுக்காதீர்கள்.

பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். செப்டம்பரிலிருந்து வசந்தம் வரை ஓடைக்குள் இறங்கவிடாதீர்கள், கூழாங்கல்லுக்குள் முட்டை இருக்கும், ஒரு மிதி போதும். நாயைக் கொண்டுபோனால் கயிற்றை விடாதீர்கள். பச்சைச் சால்மனைத் தின்ற நாய்க்கு அதிலுள்ள ஒட்டுண்ணி வழியாக வரும் நோய், மருந்து கொடுக்காவிட்டால் உயிரை எடுத்துவிடும், அறிகுறி ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். செத்த மீனை அப்படியே விட்டுவிடுங்கள், அது ஓடைக்கும் கரை மரத்துக்கும் உரம். ஒரு ஓடையில் போட்ட பூட்ஸைத் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவைக்காமல் இன்னொரு ஓடைக்குப் போடாதீர்கள். நியூசிலாந்து மண் நத்தை என்று எள்ளளவு நத்தை ஒன்று இங்கே பல ஓடைகளில் பரவியிருக்கிறது, அது பயணம் செய்வது நம் பூட்ஸில்தான். வீட்டில் செய்ய வேண்டியது காரை டிரைவ்வேயில் கழுவாமல் கார் கழுவும் கடைக்குக் கொண்டுபோவது. தெருவோர வடிகாலில் போவது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகவில்லை, நேராக ஓடைக்குத்தான். இந்த ஒன்றை மட்டும் எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லி, பல அப்பாக்கள் சனிக்கிழமை டிரைவ்வேயில் பைப்போடு நிற்பதை நிறுத்திவிட்டார்கள். பெரியவர்களுக்கு நான் செய்த எந்த உரையும் அவ்வளவு வேலை செய்யவில்லை.

இப்போது ஒரு அமைப்பில் எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு துண்டு கரை ஒதுக்கியிருக்கிறார்கள். நடவுக்குப் பெயர் கொடுக்க வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, ஆகஸ்டில் எந்த வாரம் ஊரில் இருப்பீர்கள் என்பதுதான். பாதிப் பேர் பள்ளி விடுமுறைக்கு இந்தியா டிக்கெட் போட்டிருப்பார்கள், அது தெரிந்ததே, அதனால் ஜூனிலேயே முறை போட்டுவிடுகிறோம். பயணம் போகிறவர்கள் ஜூலை முதல் வாரத்தை எடுத்துக்கொண்டு, திரும்பி வந்ததும் செப்டம்பரில் களை பிடுங்க வருகிறார்கள். வரும் பிப்ரவரி நடவுக்கான இடங்கள் நிரம்பிவிட்டன. ஆகஸ்ட் இரண்டாம் வாரத்துக்கும் மூன்றாம் வாரத்துக்கும் இன்னும் ஆள் வேண்டும்.